கொள்ளிப்பாக்கை வழியாக ஓருகல்லுக்கு: ஒரு சைக்கிள் பயணம்

சைனிக்புரியிலும் அதை ஒட்டிய ஏ.எஸ். ராவ் நகர், நேரேட்மெட், யாப்ரால் பகுதிகளிலும் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில், யாதகிரிகுட்டா நரசிம்மரைத் தரிசிக்காதவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நாம் அழைத்துப் போகும் முதல் கோயில் அதுதான். காலையில் காரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மலையடிவாரம். தரிசனம் முடித்து, புளியோதரைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். போகிற வழியில் புவனகிரி அருகே, முட்டையைப் பாதி புதைத்து வைத்தாற்போல ஒரு பெரும்பாறையும் அதன்மேல் கோட்டைச் சுவரும் தெரியும். "அதோ பார், கோட்டை" என்று பிள்ளைகளுக்குக் காட்டி முடிப்பதற்குள் கார் அதைத் தாண்டியிருக்கும்.

அந்தச் சாலையில் சென்ற சங்கராந்தி விடுமுறையில் நாங்கள் 11 பேர் சைக்கிளில் போனோம். யாதகிரிகுட்டாவோடு நிற்காமல், கொலனுபாக்கா, ஜனகாம் வழியாக வரங்கல் கோட்டை வரைக்கும், மூன்று நாட்களில் சுமார் 175 கிலோமீட்டர். எங்களில் மூத்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 67. இளையவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. யாருமே பந்தய வீரர் அல்ல. திரும்பி வந்த நாளிலிருந்து, "எப்படிப் போனீர்கள்? முட்டி வலிக்கவில்லையா? அப்படி வழியில் என்னதான் இருக்கிறது?" என்று அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தடவையாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யோசனை முளைத்தது இத்தாலியில் என்றால் சிரிப்பீர்கள். என் அக்கா மகன் மிலான் நகரில் வேலை பார்க்கிறான். அவன் ஒரு குழுவோடு டஸ்கனி மலைப்பகுதியில் ஆறு நாட்கள் சைக்கிளில் சுற்றிவிட்டுப் படங்களை அனுப்பியிருந்தான். அங்கே பழைய ஊர்கள் எல்லாம் குன்றுகளின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. பகைவர் படை வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். தாழ்ந்த நிலத்தின் சதுப்பில் மலேரியாக் காய்ச்சல் இருந்தது இன்னொரு காரணம். சான் ஜிமிஞானோ என்ற சிற்றூரில் செல்வர்கள் போட்டி போட்டுக்கொண்டு 72 கோபுரங்கள் கட்டினார்களாம்; இன்று 14 மிஞ்சியிருக்கின்றன. ஒரு நாளைக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் ஓட்டுவது, பெட்டி படுக்கைகளை ஒரு வேன் முன்னால் கொண்டுபோய் இறக்குவது, சாயங்காலம் ஒரு பழைய ஊரில் தங்கி அதன் தெருக்களில் நடப்பது. இதுதான் அங்கே குழுவாகச் செல்வோரின் வழக்கம். கையானே என்ற ஊரில் 1997 முதல் 'லெரோய்க்கா' என்றொரு விழாவே நடத்துகிறார்கள். 1987-க்கு முந்தைய பழைய சைக்கிள்களில், தார் போடாத வெள்ளை மண் சாலைகளில் ஓட்ட வேண்டும்.

படங்களைப் பார்த்த என் மனைவி, "பாறை, கோட்டை, பழைய ஊர் எல்லாம் கட்கேசரைத் தாண்டினால் நமக்கே இருக்கிறதே! இதற்கு விசா வேறு வாங்க வேண்டுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நம் நாட்டிலும் இது புதிதல்ல. நீலகிரியைச் சுற்றி வரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' 2008-ல் தொடங்கியது. ஹைதராபாத் சைக்கிள் சங்கம் அதற்கு ஒரு வருடம் மூத்தது. ஆனால் அவை நன்கு பழகியவர்களுக்கானவை. எங்களுக்கு வேண்டியிருந்தது சாதாரண மனிதர்களால் முடிகிற ஒரு பயணம்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. கியர் உள்ள வண்டி தேவை. நம் அப்பா காலத்துக் கியர் இல்லாத சைக்கிளில் முன்சக்கரப் பல் 44, பின்சக்கரப் பல் 18 என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். சமதரையில் அது சுகம். ஏற்றத்தில் அதே ஐந்தரை மீட்டரை ஒரே சுற்றில் தள்ள வேண்டியிருப்பதால்தான் நாம் எழுந்து நின்று மிதிக்கிறோம், பிறகு இறங்கி உருட்டுகிறோம். கியர் வண்டியில் முன்னும் பின்னும் பல்லின் எண்ணிக்கையை ஏறக்குறைய சமமாக்கிக்கொள்ளலாம். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும். மெதுவாகப் போவோம், ஆனால் பேசிக்கொண்டே போவோம். ஏற்றத்தில் பேச முடியவில்லை என்றால் கியர் தவறு என்று அர்த்தம்.

முட்டி வலிக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: இருக்கை தாழ்வாக இருப்பது, கனமான கியரில் அழுத்தி மிதிப்பது. இருக்கையில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். எங்கள் 67 வயது நண்பருக்கு இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்தியதுமே பாதி வலி போய்விட்டது. மீதிப் பாதியை ஆறு வாரப் பயிற்சி பார்த்துக்கொண்டது. அவர் முன்கூட்டியே இருதயப் பரிசோதனை செய்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பதைக் கடந்தவர்கள் அதைச் செய்யாமல் கிளம்பக் கூடாது.

குழுவாக ஓட்டுவதில் ஒரு கலை இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகையால் முன்னால் போகிறவர்தான் காற்றை உடைக்கிறார். அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்கு, வேகத்தைப் பொறுத்து, ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். வாத்துக் கூட்டம் வரிசையாகப் பறப்பது போலத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்கு வந்துவிடுவார். மார்கழி, தை மாதங்களில் கிழக்கே போனால் எதிர்காற்றை எதிர்பார்க்கலாம். அப்போது இதன் அருமை தெரியும். ஆனால் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை உரசும் அளவுக்கு ஒட்டக் கூடாது. விழுபவர் எப்போதும் பின்னால் இருப்பவர்தான். முதல் நாள் காலையில் எல்லோரும் ஆங்கிலத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பத்து கிலோமீட்டருக்குள் அது தானாகவே "பள்ளம்!", "வண்டி!", "மாடு!" என்று ஆகிவிட்டது. அவசரத்துக்கு வருவது தாய்மொழிதான் போலிருக்கிறது.

எங்கள் முக்கியமான விதி வேறு. குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரின் வேகமே குழுவின் வேகம். அவரைக் கடைசியில் விட்டுவிட்டு மற்றவர்கள் பறந்தால், இவர் மூச்சு வாங்கி வந்து சேரும் நேரத்தில் அவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பிவிடுவார்கள். இவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆகையால் அவர் முன்னால் இரண்டாவது இடத்தில். வரிசையின் வாலில், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர். அவருக்குப் பின்னால் இனி யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். சுமைகளை ஏற்ற ஒரு டாடா ஏஸ் வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். பெட்டிகள், குடிநீர்க் கேன், உதிரி ட்யூப்கள், ஒரு கூடை வாழைப்பழம், கடலை மிட்டாய். உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்து இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் வரும். பசி எடுத்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், நடுவே உப்புப் போட்ட மோர். குளிர்காலம்தானே என்று இருந்துவிட வேண்டாம்; பத்து மணிக்கு மேல் தக்காண வெயில் குளிர்காலத்தை மறந்துவிடும்.

சைனிக்புரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இ.சி.ஐ.எல். சந்திப்பு, நாகாரம், ராம்பள்ளி வழியாகக் கட்கேசர் சுமார் 20 கிலோமீட்டர். பயணத்திலேயே மோசமான பகுதி அதுதான். நகரத்தை விட்டு வெளியேறுவது எந்த ஊரிலும் சிரமம். அதன்பின் 163-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நான்கு வழிச்சாலை, அகலமான ஓரம். விஜயவாடா சாலை அளவுக்குப் பண்டிகை நெரிசல் இதில் இல்லை. ஓரத்தில் ஒற்றை வரிசையாக, தலைக்கவசத்தோடும் பளபளக்கும் மேற்சட்டையோடும் போனால் பயம் குறைவு. பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முடிந்த இடங்களில் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய ஊர்ச் சாலையில் இறங்கிவிடுவது நல்லது. அங்கே வீட்டு வாசல்களில் முக்குலு, அதாவது நம் கோலம். அதன் நடுவே சாண உருண்டையில் பூச்செருகிய கொப்பெம்மாக்கள். நம் மார்கழிச் சாணமும் பூசணிப் பூவும் கிழக்கே வேறு பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. காரில் போகிறவருக்கு இது தெரிய வழியில்லை.

இந்த நிலத்தின் அமைப்பை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல, கெண்டைக்கால். ஹைதராபாத் கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. வரங்கல் சுமார் 300 மீட்டரில். ஆகவே மொத்தத்தில் இது இறக்கம். ஆனால் 140 கிலோமீட்டரில் பரவிய இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் அலை அலையான ஏற்ற இறக்கம்தான். ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு ஏரி, அல்லது ஏரி இருந்த இடம். கடினமான கருங்கல் பூமி இது. மழைநீர் உள்ளே இறங்காமல் பள்ளத்தை நோக்கி ஓடும். அந்தப் பள்ளத்தின் குறுக்கே கரை போட்டால் ஏரி. நிரம்பி வழிந்தால் அடுத்த பள்ளத்தில் அடுத்த ஏரி. காகதீய அரசர்களும் அவர்களுடைய படைத்தலைவர்களும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இப்படிப் போட்ட கரைகள்தான் இந்த வறண்ட மேட்டு நிலத்தில் நெல்லை விளைவித்தன. 2015-ல் தெலங்கானா அரசு ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்துக்கு 'மிஷன் காகதீயா' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இதுவே. இறங்கும்போது ஏரி, ஏறும்போது மூச்சு: பத்து தடவை இப்படிப் போனால் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

புவனகிரி சுமார் 45 கிலோமீட்டர். பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் பாறை சூடாகுமுன் ஏறலாம். 500 அடிக்கு மேற்பட்ட ஒற்றைப் பாறை; பாறையிலேயே வெட்டிய படிகள். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் கட்டியது என்பார்கள். 1076 முதல் 1126 வரை ஆண்ட அவனுக்குத் திரிபுவனமல்லன் என்று விருது. திரிபுவனகிரி புவனகிரியாகி, பிறகு பேச்சு வழக்கில் போங்கிர் ஆயிற்று. இந்தப் பாறையில் ஏறிப் பழகிய மாலாவத் பூர்ணா என்ற பழங்குடிச் சிறுமி, 2014 மே 25 அன்று, 14 வயது நிரம்புவதற்கு முன்பே எவரெஸ்ட் உச்சியைத் தொட்டாள். இதைச் சொன்னதும் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக ஏறத் தொடங்கினாள்.

அன்று மாலை யாதகிரிகுட்டாவில் தங்கினோம். கோயில் முழுவதும் கருங்கல்லில் புதுப்பிக்கப்பட்டு 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்ததே, அதிகம் எழுதவில்லை. ஒரு குறிப்பு மட்டும்: அரைக்கால் சட்டையோடு கோயில்களுக்குள் போக முடியாது. ஆண்கள் ஆளுக்கொரு வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பையில் அதைவிட இடம் அடைக்காத உடை கிடையாது.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். யாதகிரிகுட்டாவிலிருந்து ஆலேர் போய், அங்கே நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் ஆறேழு கிலோமீட்டரில் கொலனுபாக்கா. பெயர்ப்பலகையில் பார்த்தால் நமக்கு எதுவும் தோன்றாது. ஆனால் இந்த ஊர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்வெட்டுகளில் இருக்கிறது! முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்லும்போது, இடைதுறை நாடு, வனவாசி இவற்றோடு கொள்ளிப்பாக்கையையும் சொல்கிறது. அந்த ஊரின் மதிலைச் சூழ்ந்து சுள்ளி மரங்கள் இருந்தன என்றுகூடக் குறிக்கிறது. அந்தக் கொள்ளிப்பாக்கைதான் இந்தக் கொலனுபாக்கா என்பது வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. சாளுக்கியர் காலத்தில் 'கொள்ளிப்பாக்கை ஏழாயிரம்' என்ற பெரிய நாட்டுக்கே இது தலைநகரம். கல்யாணியைப் பிடிக்க நினைப்பவன் கிழக்கே இந்தப் பூட்டை உடைத்தாக வேண்டும். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் பதினோராம் நூற்றாண்டின் நடுவில் மறுபடியும் படையோடு வந்து இந்த நகரத்துக்குத் தீ வைத்தான். அதையும் சோழர் கல்வெட்டுகளே பெருமையாகச் சொல்கின்றன.

இன்று அமைதியான ஊர். பழமையான சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. ஆதிநாதரும், பச்சைக் கல்லில் வடித்த மகாவீரரும் அங்கே புகழ்பெற்றவர்கள். வடநாட்டிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். சற்றுத் தள்ளிச் சோமேசுவரர் கோயில். வீரசைவர்கள் தங்கள் ஆசாரியர் ரேணுகர் இந்த லிங்கத்திலிருந்து தோன்றினார் என்று நம்புவதால் அவர்களுக்கும் இது புண்ணியத் தலம். கோயில் வளாகத்திலேயே, சுற்றுவட்டாரத்தில் கிடைத்த சிற்பங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூக்கு உடைந்தவை, கை இழந்தவை பல. யார் உடைத்தது, எப்போது உடைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைக்க முடியாது. பல கைகள் பல நூற்றாண்டுகளில் செய்த வேலை.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்து நான் மேற்படிச் செய்திகளைக் குழுவுக்குச் சொன்னேன். நம் விமானப்படை நண்பருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "நம்ம ராஜேந்திரன் படை நடந்து வந்த மண்ணா இது! யோசிச்சுப் பாருங்க, தஞ்சாவூர்லேர்ந்து!" என்றார். டீக்கடைப் பெரியவர் எங்கள் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே, "யாடிகெல்லி ஒச்சின்ரு?" என்று தெலங்கானாத் தெலுங்கில் கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பொருள். அந்தப் பெண் "சைனிக்புரி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "அங்கிள், இவங்க ஊரைத்தான நாம எரிச்சோம்? இவர்கிட்ட அதச் சொல்லலாமா, கூடாதா?" என்று கேட்டாள்.

அவள் ஹைதராபாத்தில் பிறந்தவள். சோழர்களை அவளுக்குத் தெரிந்தது 2022-ல் வந்த சினிமாவிலும் தாத்தா வீட்டிலும். காகதீயர்களைத் தெரிந்தது பள்ளிப் பாடத்தில். இரண்டையும் ஒரே டீக்கடையில் வைத்துப் பார்க்கும்படி அவளை யாரும் கேட்டதில்லை. நம்மில் பெரியவர்களையும் கேட்டதில்லை. சோழர் வெற்றிகளை நாம் எப்போதும் புறப்படும் ஊரிலிருந்தே படித்திருக்கிறோம். போய்ச் சேர்ந்த ஊரில் நின்று படித்ததில்லை. ராஜாதிராஜன் கல்யாணபுரத்தை எரித்துவிட்டுக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை இன்றும் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கிறது, பீடத்தில் தமிழ் எழுத்தோடு. நான் சிறுவனாக அதன் கதாயுதத்தை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அது யார் வீட்டு வாசலில் காவல் நின்றது என்ற நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை.

"சொல்லேன், என்ன சொல்கிறார் பார்ப்போம்" என்றேன். அவள் தெலுங்கில் முழுக்கதையையும் சொன்னாள். பெரியவர் கேட்டுவிட்டு, "எத்தனை வருஷத்துக்கு முன்னால்?" என்றார். ஆயிரம் வருஷம் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆலேர் போகும் வழியில் சர்க்காரு தும்ம முள் கிடக்கும், டயர் பத்திரம் என்று சொல்லி அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். சர்க்காரு தும்ம என்பது நம் சீமைக் கருவேலம். அவர் சொன்னபடியே இரண்டு பங்சர் ஆயிற்று.

கதை அத்தோடு நிற்கவில்லை என்பதையும் அவளுக்குச் சொன்னேன். முந்தைய நாள் ஏறிய புவனகிரிப் பாறையின் விக்கிரமாதித்தன் இருக்கிறானே, அவன் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் மருமகன். ராஜாதிராஜனின் தம்பிதான் வீரராஜேந்திரன். அண்ணன் தீ வைத்த நாட்டின் இளவரசனுக்குத் தம்பி பெண் கொடுத்தான். பின்னாளில் படை எதிர்த்திசையிலும் நடந்தது. காகதீய கணபதி தேவன் பெயரில் 1249-ஆம் ஆண்டுக் கல்வெட்டு நம் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் இருக்கிறது. 1316-ல் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயகன் காஞ்சியைப் பிடித்தான். "அப்ப ஸ்கோர் சமமா?" என்று கேட்டாள். கணக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆலேரிலிருந்து ஜனகாம் போகும் வழியில் பெம்பர்த்தி என்ற கிராமத்தில் பித்தளைத் தகட்டில் உருவங்கள் தட்டி எடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்கலாம். ஜனகாமில் தங்கினோம். அந்தப் பக்கத்தில்தான் பால்குரிகி சோமநாதரின் ஊரான பாலகுர்த்தி. அவருடைய தெலுங்கு பசவ புராணத்தில் நம் கண்ணப்ப நாயனார் கதையும் சிறுத்தொண்டர் கதையும் வருகின்றன. படை மட்டுமல்ல, கதைகளும் இந்தச் சாலையில் நடந்திருக்கின்றன. எங்கள் வழியிலிருந்து அது விலகி இருந்ததால் போக முடியவில்லை.

மூன்றாம் நாள் 60 கிலோமீட்டர், ஸ்டேஷன் கன்பூர், காஜிபேட் வழியாக ஹனுமகொண்டா. ருத்திரதேவன் 1163-ல் எழுப்பிய ஆயிரங்கால் கோயிலைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனோம். ஊரின் பழைய தெலுங்குப் பெயர் ஓருகல்லு. நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்: ஒரு கல். கோட்டைக்குள் நிற்கும் ஒற்றைக் குன்றால் வந்த பெயர் அது. கணபதி தேவன் தொடங்கி, மகள் ருத்திரமதேவி முடித்த கோட்டை, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். நடுவே கல்மதில், அதற்கு வெளியே அகழியோடு மண்மதில். இந்த வட்டத்தைக் காரில் சுற்றினால் வளைவு தெரியாது. நடந்தால் நாள் முடிந்துவிடும். சைக்கிள்தான் இதற்கு அளவு. மதிலின் வாயிலில் சாலை நேராகப் போகாமல் இரண்டு தடவை ஒடிந்து திரும்புகிறது. வேகமாக வரும் குதிரைப்படை தடுமாற வேண்டும் என்பதற்காக அப்படி. 11 சைக்கிள்களும் தடுமாறின.

நடுவில் நான்கு திசைக்கும் நான்கு கல் தோரணங்கள் நிற்கின்றன. தெலங்கானா அரசு முத்திரையில் நாம் தினமும் பார்ப்பது அதுதான். அவற்றின் நடுவே இருந்த கோயில் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. 1323-ல் டெல்லிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. கைதியான பிரதாபருத்திரன் டெல்லி போகும் வழியிலேயே இறந்தான். கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. துணி காய்கிறது, பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

ஒரு வேடிக்கை: இத்தாலியைப் பார்த்துத் தொடங்கிய எங்களுக்கு முன்பே இத்தாலிக்காரர் ஒருவர் இந்த நாட்டைப் பற்றி எழுதிவிட்டார். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, கடற்கரைத் துறைமுகமான மோட்டுப்பள்ளியின் பெயரால் இந்த அரசைக் குறிப்பிட்டு, நீதி தவறாத ஒரு ராணி ஆண்டாள் என்றும், சிலந்தி வலை போன்ற மெல்லிய துணி நெய்தார்கள் என்றும் சொல்கிறார். அந்த ராணி ருத்திரமதேவியே என்பது அறிஞர் கருத்து. சான் ஜிமிஞானோவில் கோபுரங்கள் உயர்ந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான் இங்கே இந்த மதில்களும் எழுந்தன.

திரும்புவதற்கு ரயில். வரங்கலிலும் காஜிபேட்டிலும் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டுக் கட்டணம் கட்டினால் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். எல்லா ரயிலிலும் அந்த வசதி கிடையாது, ஆகையால் முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். பெயரையும் சேரும் நிலையத்தையும் அட்டையில் எழுதிக் கட்ட வேண்டும். பம்ப், விளக்கு, தண்ணீர்க் குப்பி இவற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஓட்ட முடியாதவர்கள் கடைசி நாள் ரயிலில் வந்து கோட்டையில் சேர்ந்துகொள்ளலாம். எங்களில் இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் செய்தன, தயிர் சாதத்தோடு.

அடுத்த பயணம் தீபாவளிக்குப் பிறகு, வரங்கலிலிருந்து தொடங்கி ராமப்பா கோயில் வரை. 1213-ல் கட்டிய கோயில், 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு நாள் போதும். வர நினைப்பவர்கள் அதற்குமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களோடு கட்கேசர் வரை போய்த் திரும்பிப் பாருங்கள், 40 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வீட்டில் இட்லி சாப்பிடலாம். பம்ப் நாங்கள் கொண்டு வருகிறோம்.